நூற்றிருபது கிராம் நோயாளி

கண்டியிலிருந்து கொழும்பு வீதியில் புறப்பட்டால் முதலில் வருவது கெட்டம்பே. கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தின் தலைமையகம் அங்கேதான். இன்னும் கொஞ்சத் தூரத்தில் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடமும் அதன் போதனா வைத்தியசாலையும். நாட்டின் மிருக வைத்தியர்கள் தலைமுறை தலைமுறையாகப் படித்து வெளியேறியது இங்கிருந்துதான். மகாவலியின் மறுகரையில், கன்னொருவையில், மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையம். இந்தச் சில கிலோமீற்றருக்குள் விலங்கு மருத்துவம் குவிந்திருப்பது போல் இலங்கையில் வேறெங்கும் இல்லை.

இருந்தும் கட்டுகஸ்தோட்டையில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் வீட்டுக் கிளி இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டின் தரையில் குந்திவிட்டால், யாருக்கு அழைப்பெடுப்பது என்று தெரியாமல் வீடே திகைத்து நிற்கிறது. கிளிக்கென்றே தனிப் பயிற்சி பெற்ற வைத்தியரைத் தேடிப் பிடிப்பதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. மாடும் எருமையும் ஆடும் கோழியும் மனிதர்களுக்குச் சோறு போட்டன. அதனால் அவற்றின் நோய்களை மனிதன் படித்தான். நாய் பிறகு வந்தது. கிளி வரிசையில் கடைசி. உலகப் பறவை வைத்தியர்களின் சங்கமே 1980இல்தான் தொடங்கியது.

மிருக வைத்தியர்கள் கிளிக்காரர்களிடம் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: "நேற்று வரைக்கும் நல்லாத்தான் இருந்தது, டொக்டர்." சொல்பவர் பொய் சொல்லவில்லை. கூட்டமாக வாழும் பறவை அது. கூட்டத்தில் தளர்ந்து தெரிவதைத்தான் வல்லூறு முதலில் குறிவைக்கும். ஆகவே நோயைக் காட்டாமல் நிமிர்ந்து உட்காரும் கிளிகளே பிழைத்துக் குஞ்சு பொரித்தன. அவற்றின் வாரிசுதான் நம் வீட்டு விறாந்தையில் தொங்குகிறது. உங்கள் கண் முன்னால் அது தீனியைக் கொறிக்கும். உற்றுப் பார்த்தால் விதையின் உமி மட்டும் உதிரும். உள்ளே போனது ஒன்றும் இருக்காது. மறைக்கத் தெம்பு இல்லாமல் போகும் நாளில்தான் அது சிலிர்த்து உட்காருகிறது. ஆக, "நேற்று" என்று நாம் சொல்வது பல வேளைகளில் நோயின் இரண்டாவது கிழமை.

இறகுகளும் இந்த ஏமாற்றுக்குத் துணை. கிளியின் மார்பு நடுவில் கப்பலின் அடிமரம் போல ஓர் எலும்பு நீளமாக ஓடுகிறது. நல்ல உடம்புள்ள கிளியில் அதன் இருபுறமும் சதை திரண்டிருக்கும். விரலை வைத்தால் எலும்பின் விளிம்பு மட்டும் லேசாகத் தட்டுப்படும். மெலிந்த கிளியில் அது கத்திமுனை போல நிமிர்ந்து நிற்கும், இருபுறமும் பள்ளம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு கிளியும் ஒரே பருமன்தான்.

இதற்கு மாற்று ஒன்றே ஒன்று: சமையலறைத் தராசு. கேக் அடிப்பவர்கள் மா நிறுக்கும் அதே ஒரு கிராம் துல்லியத் தராசு போதும். நம் ஊர்களில் பரவலாக வளர்க்கப்படும் செந்தார்ப் பைங்கிளியின் எடை ஏறத்தாழ 110 முதல் 140 கிராம். பெரிய கிளி என்ற இனம் 250 கிராமை அண்மித்து வரும். லவ்பேர்ட்ஸ் என்று கடைக்காரர்கள் விற்கும் பட்ஜெரிகார் 30, 40 கிராம்தான். காலையில் முதல் எச்சம் போட்ட பிறகு, தீனி வைப்பதற்கு முன், தராசின் மேல் ஒரு குச்சியைப் பொருத்திக் கிளியை அதில் ஏற்றி நிறுத்து எழுதி வைக்க வேண்டும். கிழமைக்கு ஒரு தரம் போதும். 120 கிராம் கிளி 12 கிராம் குறைந்தால் அது பத்திலொரு பங்கு. வைத்தியரிடம் போக வேண்டிய நேரம் அதுதான். 12 கிராம் என்பது ஒரு மேசைக்கரண்டி சீனி. அந்தக் குறைவைக் கண்ணால் கண்டுபிடிக்கிறேன் என்று சொல்பவரை நான் நம்புவதில்லை.

தராசுக்கு அடுத்தபடியாகப் பேசுவது எச்சம். கூட்டின் தட்டில் மணலும் மரத்தூளும் பரப்புவதை விட்டு, வெறும் வெள்ளைத் தாளோ நேற்றைய வீரகேசரியோ விரித்தால் போதும். கிளியின் எச்சத்தில் மூன்று பகுதிகள் இருக்கும்: சுருண்ட பச்சை அல்லது கபில நிற மலம், அதன் மேல் சுண்ணாம்பு போன்ற வெள்ளை, சுற்றிலும் தெளிந்த நீர். அந்த வெள்ளைதான் சிறுநீரகத்திலிருந்து வரும் யூரிக் அமில உப்பு. அது மஞ்சளாகவோ எலுமிச்சைப் பச்சையாகவோ மாறினால் ஈரலைச் சந்தேகிக்க வேண்டும். மலம் மிகச் சிறுத்துக் கரும்பச்சையானால் கிளி சாப்பிடவில்லை. நீர் மட்டும் கூடினால் பழம் அதிகம் தின்றிருக்கலாம், பயந்திருக்கலாம், சிறுநீரகமும் கெட்டிருக்கலாம். பீட்ரூட் கொடுத்த அன்று இரத்தம் என்று அலறியவர்களும் உண்டு.

சரி, சனிக்கிழமை பின்னேரத்துக்கு வருவோம். கிளி தரையில் இருக்கிறது, வைத்தியர் கிடைக்கவில்லை. முதல் வேலை சூடு. கிளியின் உடல்வெப்பம் 40 முதல் 42 பாகை செல்சியஸ். உடம்பு சிறிதாகச் சிறிதாக, எடையோடு ஒப்பிட்டால் மேற்பரப்பு பெருகும். சூடு வெளியேறும் வாசலும் பெருகும். நல்ல நாளில் கிளி தின்றே அந்த நட்டத்தை ஈடுகட்டிவிடும். நோயுற்ற கிளி தின்பதில்லை. கையிருப்பை எரித்துத்தான் உடம்பைச் சூடாக வைத்திருக்கிறது. இறகைச் சிலிர்ப்பது அந்தச் சூட்டை உள்ளே அடைத்து வைக்கும் முயற்சி. கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவில் 20 பாகைக்குக் கீழே போவது இங்கே புதினமில்லை. ஹந்தானைப் பக்கம் ஏறினால் இன்னும் குளிர். விறாந்தையில் தொங்கும் கூட்டில் ஒரு நோயாளிக்கு அது உயிர்ப்போராட்டம்.

29 முதல் 32 பாகை வரை உள்ள ஓர் இடத்தை அமைத்துக் கொடுத்தால், சூட்டுக்கு எரித்த சக்தியைக் கிளி நோயோடு போராடப் பயன்படுத்தும். பழைய நாளில் 40 வோட் குமிழ் ஒன்றைக் கூட்டருகே தொங்கவிடுவார்கள். இப்போது வீடுகளில் இருப்பது எல்ஈடி. வெளிச்சம் கொட்டும், சூடு தராது. அதனால் சுடுநீர் நிரப்பிய போத்தலைத் துவாயில் சுற்றி, காற்றுத்துளை போட்ட காட்போட் பெட்டியின் ஒரு பக்கத்தில் வைப்பதே எளிது. ஒரு பக்கத்தில் மட்டும் என்பது முக்கியம். சூடு மிஞ்சினால் கிளி விலகிப் போக இடம் வேண்டும். வாயைத் திறந்து இரைத்தாலோ சிறகை உடம்பிலிருந்து அகற்றிப் பிடித்தாலோ சூடு கூடிவிட்டது. போத்தலை இரவிலும் மாற்ற வேண்டும், யாராவது விழித்திருக்கத்தான் வேண்டும்.

நோயாளிக்காக வீட்டில் சாம்பிராணி போடுபவர்கள் உண்டு. மனிதருக்கே மூச்சு முட்டும் புகை அது. கிளிக்கு இன்னும் மோசம். பறவையின் நுரையீரல் நம்முடையதைப் போல ஊதிச் சுருங்கும் பை இல்லை. உடம்பெங்கும் பரவிய ஒன்பது காற்றறைகள் துருத்தியாக இயங்க, காற்று நுரையீரலுக்குள் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒட்சிசனை இத்தனை திறமாகப் பிரித்தெடுக்கும் அமைப்பு நஞ்சையும் அதே திறமையோடு உறிஞ்சும். பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கங்களில் 1986 வரை கனேரிக் குருவிகளை வைத்திருந்ததற்கு இதுவே காரணம். நுளம்புச் சுருள், மண்ணெண்ணெய் அடுப்பு, வாசனைத் தெளிப்பான் எல்லாமே நோயாளி இருக்கும் அறையை விட்டு வெளியேற வேண்டும். ஒட்டாத பூச்சுப் பூசிய சட்டியை அடுப்பில் மறந்து காயவிட்டால் வரும் ஆவி, பக்கத்து அறைக் கிளியைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். மனிதருக்கு அது மணப்பதுகூட இல்லை.

அதே உடலமைப்பு இன்னொன்றையும் கற்பிக்கிறது. பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. கடிக்கும் என்று பயந்து மார்பை இறுக்கிப் பிடித்தால் கிளிக்கு மூச்சு நின்றுவிடும். துவாயால் மூடி, தாடைக்குக் கீழே விரல்களை வளையமாக வைத்துத் தலையை மட்டும் நிலைநிறுத்த வேண்டும். மார்பு தளர்வாகவே இருக்கட்டும்.

சூடேறிய பிறகுதான் நீர், நீருக்குப் பிறகுதான் உணவு. குளிர்ந்த உடம்பில் குடல் அசையாது. கொடுத்த உணவு தொண்டைக்குக் கீழுள்ள தீன்பையிலேயே தங்கிப் புளிக்கும். பாமசியில் கிடைக்கும் ஜீவனி பக்கெட்டை அளவாகக் கரைத்து, வெதுவெதுப்பாக, அலகின் ஓரத்தில் ஒவ்வொரு சொட்டாக வைத்தால் கிளி தானே நக்கும். சிரிஞ்சால் வாய்க்குள் பீய்ச்சக் கூடாது. மூச்சுக்குழாயின் வாசல் நாக்கின் அடியிலேயே திறந்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு ஊற்றிய நீர் நேராக நுரையீரலுக்குப் போய், இரண்டு நாளில் நிமோனியாவில் முடிந்த கதைகள் ஏராளம்.

இனி மருந்து. இங்கேதான் அதிகக் கிளிகள் நம் கையால் சாகின்றன என்று நினைக்கிறேன். பனடோல் வில்லை ஒன்றில் 500 மில்லிகிராம் பரசிட்டமோல். அது 60 கிலோ மனிதருக்கான அளவு. கிளி அதில் ஐந்நூறில் ஒரு பங்கு எடை. "அப்போ ஐந்நூறில் ஒரு பங்கு மருந்து குடுத்தாச் சரிதானே, தம்பி?" என்று பாமசிப் பொடியனிடம் ஒரு அம்மா கேட்பது நியாயமான கேள்விதான். உடலியல் அறிஞர் மெக்ஸ் கிளைபர் 1932இல் எழுதியதை வைத்துப் பார்த்தால் பதில் வேறு. உடம்பு எரிக்கும் சக்தி எடையோடு நேர்விகிதத்தில் வளர்வதில்லை; எடையின் முக்கால் அடுக்கில் வளர்கிறது. அந்தக் கணக்கில் 120 கிராம் உயிர் ஒன்று மனிதர் எரிப்பதில் ஏறத்தாழ நூற்றாறில் ஒரு பங்கை எரிக்கும். அதாவது ஒவ்வொரு கிராமுக்கும் மனிதரைவிட ஐந்து மடங்கு வேகம். சில மருந்துகள் வேலை தொடங்குமுன்பே வெளியேறிவிடும். அதற்காக ஐந்து மடங்கு கொடுக்கக் கிளம்பிவிடக் கூடாது. வேறு சில மருந்துகளை உடைக்கத் தேவையான கருவியே பறவையின் உடம்பில் இருக்காது.

இதற்கு நம் பக்கத்து நாடே சாட்சி. மாட்டுக்கு வலிநிவாரணியாகக் கொடுத்த டைக்ளோபெனக், அந்த மாடு செத்த பிறகு அதைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. மாட்டுக்கு நல்லது செய்த மருந்து இந்தியாவின் வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் இல்லாமல் செய்துவிட்டது. காரணம் 2004இல்தான் உறுதியானது. 2006இல் இந்தியா கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தது. முழங்கால் வலிக்கு நாம் விழுங்கும் அதே டைக்ளோபெனக்தான். எல்லாப் பறவைக்கும் ஒரே அளவு நஞ்சு என்று சொல்ல வரவில்லை. எந்தப் பறவைக்கு எது நஞ்சு என்பதை வீட்டிலிருந்து ஊகிக்க முடியாது என்பதே செய்தி. வலிக்கு மெலொக்சிகம் போல, பறவைகளில் சோதித்துப் பார்த்த மருந்துகள் வைத்தியரிடம் இருக்கின்றன.

கோழித்தீன் கடையில் விற்கும் டெட்ராசைக்கிளின் தூளைத் தண்ணீரில் கலந்து வைப்பது இன்னொரு வழக்கம். நோயுற்ற கிளி தண்ணீரே குடிப்பதில்லை. கசந்தால் இன்னும் குறைக்கும். கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் கிருமிக்குப் பழக்கம் கொடுக்கப் போதுமான அளவு மட்டுமே உள்ளே போகும். கூட்டில் கணவாய் ஓடு தொங்கினால் அதிலுள்ள கல்சியம் இந்த மருந்தைக் குடலிலேயே கட்டிப் பிடித்துவிடும். பங்கசு நோய்க்கோ விற்றமின் குறைபாட்டுக்கோ இந்தத் தூளால் எந்தப் பயனும் இல்லை.

உண்மையில் விற்றமின் குறைபாடு வீட்டுக் கிளிகளில் அதிகம். பாண் துண்டைத் தேத்தண்ணியில் நனைத்துக் கொடுப்பது, வெள்ளைச் சோறு, வெறும் சூரியகாந்தி விதை, கச்சான்: இதுதான் பல கிளிகளின் வாழ்நாள் உணவு. வெள்ளைச் சோற்றின் கதை பறவைகளிடமிருந்தே நமக்குத் தெரிந்தது. பட்டேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சு வைத்தியர் கிறிஸ்டியான் ஐக்மனின் ஆய்வுகூடக் கோழிகள் 1890களை ஒட்டிய காலத்தில் கால் தள்ளாடி விழுந்தன. இராணுவ வைத்தியசாலைச் சமையலறையின் தீட்டிய அரிசிச் சோறு அவற்றுக்குப் போடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர் இராணுவத்தின் சோற்றைக் கோழிக்குக் கொடுக்க மறுத்தார். தவிடு நீக்காத அரிசிக்கு மாறியதும் கோழிகள் எழுந்து நடந்தன. அந்தச் சமையற்காரரின் பிடிவாதம் விற்றமின் பி1 எனப்படும் தயமினுக்கு வழிகாட்டியது. ஐக்மனுக்கு 1929இல் நோபெல் பரிசு கிடைத்தது.

சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம். விற்றமின் ஏ கிட்டத்தட்ட இல்லை. அது குறைந்தால் வாய், மூக்கு, மூச்சுக்குழாய் இவற்றின் ஈரமான உட்தோல் தடித்துக் காய்ந்துபோகும். கிளி வாயைத் திறக்கும்போது டோர்ச் அடித்து மேல்வாயைப் பாருங்கள். நடுவிலுள்ள பிளவின் ஓரங்களில் சீப்புப் பல் போலக் கூரிய சிறு முட்கள் வரிசையாக நிற்க வேண்டும். அவை மழுங்கியிருந்தால், வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால், கிளி மாதக் கணக்காகக் குறைபாட்டில் இருக்கிறது. மருந்து வீட்டுத் தோட்டத்திலேயே உண்டு: முருங்கையிலை, பொன்னாங்காணி, பூசணி, கரட், செம்மஞ்சள் வத்தாளங்கிழங்கு, பப்பாசி. கொச்சிக்காயும் நல்லது. அதன் உறைப்பை உணரும் ஏற்பி பறவைகளில் வேறு வடிவத்தில் இருப்பதால் கிளிக்கு உறைப்பே தெரியாது. கொச்சிக்காய் தின்ற கிளி நன்றாகப் பேசும் என்பது மட்டும் நம்முடைய ஆசை.

கச்சானில் கவனம் தேவை. கண்டியின் ஈரக்காற்றில் பழைய கச்சானில் பிடிக்கும் பூஞ்சணம் அஃப்ளடொக்சின் என்ற ஈரல் நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டதே 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் கடலைப் புண்ணாக்குத் தின்று செத்த பிறகுதான். இன்னொன்று அவக்காடோ. கண்டித் தோட்டங்களில் பலாவுக்கும் கறுவாவுக்கும் பக்கத்தில் அது நிற்காத இடம் குறைவு. அதிலுள்ள பேர்சின் பறவையின் இதயத்தைத் தாக்கும். பழமும் வேண்டாம், குந்துவதற்கு அதன் கிளையும் வேண்டாம். கொய்யாக் கிளை போதும். புதுக் கூட்டின் நாகப் பூச்சைக் கொறித்து நஞ்சேறுவதும் உண்டு. புதுக் கம்பிவலையை வினாகிரி தோய்த்த தூரிகையால் தேய்த்துக் கழுவிவிட வேண்டும்.

வைத்தியரிடம் போகாததற்குப் பலர் வாய்விட்டுச் சொல்லாத காரணம் ஒன்றும் இருக்கிறது. இலங்கையில் காட்டுக் கிளிகள் ஐந்து இனம். அவற்றில் லேயார்ட் கிளியும் இலங்கைச் சின்னக்கிளியும் உலகில் வேறெங்கும் இல்லாதவை. கண்டி நகரை ஒட்டிய உடவத்தகலைக் காட்டில் இவற்றைப் பார்க்கலாம். பொந்திலிருந்து எடுத்த குஞ்சை வளர்ப்பவர், 1937ஆம் ஆண்டின் விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்துக்குப் பயந்து கிளியை மறைக்கிறார். எடுத்தது தவறு, அதற்கான தண்டனையைக் கிளி அனுபவிக்கிறது. குஞ்சு வாங்காமல் இருப்பதே இந்த அத்தியாயத்தின் மிக மலிவான வைத்தியம்.

திங்கட்கிழமை காலை போகும் வைத்தியர் கிளி நிபுணராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. கோழி நோய் படித்தவருக்குத் தீன்பை தெரியும், ஈரல் தெரியும். எச்சத்தை நுணுக்குக்காட்டியில் வைத்துப் புழுவையும் பூஞ்சணத்தையும் பார்க்க எந்த ஆய்வுகூடத்தாலும் முடியும். மருந்தளவு அட்டவணைகள் அச்சில் இருக்கின்றன. அவரிடம் இல்லாதது உங்கள் கிளியின் கடந்த மூன்று மாதம். எடை எழுதிய கொப்பி, அன்றைய எச்சம் பட்ட தாள், உணவின் பட்டியல், சிலிர்த்து உட்கார்ந்திருந்தபோதும் வால் மூச்சோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடியபோதும் கைபேசியில் எடுத்த காணொளி ஆகியவற்றோடு போனால் அவர் பாதி வழியில் இருந்து தொடங்கலாம். ஓட்டோவில் கொண்டுபோகும்போது கூட்டை மூடி, தண்ணீர்க் கிண்ணத்தை வெளியே எடுத்துவிட வேண்டும். வைத்தியரிடம் போயும் மருந்து கிடைக்காத காலமும் உண்டு. 2022 மார்ச்சில் மனிதர்களுக்கான பேராதனைப் போதனா வைத்தியசாலையே மருந்துத் தட்டுப்பாட்டால் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைத்தது. அப்படியான காலத்தில் கிளிக்கு மிஞ்சுவது சுடுநீர்ப் போத்தலும் தராசும்தான்.

கிளி இறந்துவிட்டால், வீட்டில் வேறு பறவைகள் இருந்தால், உடலைச் சவர்க்கார நீரில் நனைத்து, பையில் இட்டு, குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து, 24 மணித்தியாலத்துக்குள் பிரேத பரிசோதனைக்குக் கொடுப்பது நல்லது. ஐஸ் உறையும் தட்டு வேண்டாம். உறைந்த திசுவில் நோய்க்குறி சிதைந்துவிடும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். கிளமிடியா சித்தாசி என்ற பக்றீரியா காய்ந்த எச்சத் தூசியோடு மனிதரின் நுரையீரலுக்குள் போகும். 1929இன் இறுதியில் தென்னமெரிக்காவிலிருந்து நத்தார்ப் பரிசாக ஏற்றுமதியான கிளிகள் அந்தப் பக்றீரியா உண்டாக்கும் கிளிக்காய்ச்சலைப் பல நாடுகளுக்குப் பரப்பின. வோஷிங்டனில் அதை ஆராய்ந்த அரசாங்க ஆய்வுகூடத்தில் பலர் நோயுற்றார்கள், ஒருவர் இறந்தார். அப்போது அதற்கு மருந்தில்லை. இப்போது டொக்சிசைக்கிளின் இருக்கிறது. கிளிக்கு வழக்கமாக 45 நாள், மனிதருக்கு அதைவிடக் குறைவு. நோய்க் கிளியோடு பழகியவருக்கு 5 முதல் 14 நாளுக்குள் காய்ச்சலும் வறட்டு இருமலும் கடும் தலைவலியும் வந்தால், வீட்டில் கிளி இருந்தது என்பதை வைத்தியரிடம் அவராகவே சொல்ல வேண்டும். காய்ச்சல் என்றாலே டெங்குவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் இரத்தம் எடுக்கும் நாட்டில், சொல்லாமல் யாரும் கிளியைப் பற்றிக் கேட்கப் போவதில்லை.